தேரடியும் மைதானமும்

வீட்டிற்கு முற்றம் எத்தகையதோ, ஊருக்குப் பொதுவிடம் அத்தகையது. வீட்டினுள் அறைகள் பல இருக்கலாம். ஒவ்வோர் அறையும் ஒவ்வொருவருக்கு உரியதாய் இருக்கலாம். ஆனால் முற்றம் எல்லார்க்கும் உரியது. நெல் காய்வதும் அங்கே. குழந்தை நடை பழகுவதும் அங்கே. மணப்பந்தல் எழுவதும் அங்கே. துயரம் நேர்ந்தபோது உற்றார் வந்து கூடுவதும் அங்கே. முற்றமில்லாத வீட்டில் மக்கள் வாழலாம்; ஆயினும், கூடி வாழ்வது அரிது. ஊரும் அவ்வாறே. தெருக்களும் கடைகளும் எத்துணை நிறைந்திருப்பினும், ஊரார் அனைவரும் ஒருங்கே வந்து நிற்பதற்கு ஒரு வெளியிடம் வேண்டும்.

நம் முன்னோர் இத்தகைய இடங்களுக்கு இட்டு வழங்கிய பெயர்கள் பலவாம். ஊர் நடுவே, மரநிழலில் மக்கள் கூடிய இடம் மன்றம் எனப்பட்டது. மன்று என்றும் வழங்கியது. பொதியில் என்பது மற்றொரு பெயர். பொதுவாகிய இல் என்பது அதன் பொருள் என்பர். அம்பலம் என்பதும் பலர் கூடும் வெளியிடமே. நான்கு தெருக்கள் கூடும் இடத்தைச் சதுக்கம் என்றனர். இப்பெயர்கள் ஏட்டோடு நின்றுவிடவில்லை. இன்றும் நம் பேச்சில் உயிரோடு உலவுகின்றன. மறைத்து வைத்த செய்தி ஊரறிய வெளிப்பட்டால், 'அம்பலமாகிவிட்டது' என்கிறோம். ஒருவன் நடத்தை நகைப்புக்கு இடமானால், 'சந்தி சிரிக்கிறது' என்கிறோம். சிரிப்பது சந்தியன்று, சந்தியில் நிற்கும் ஊரார். மரத்தடியில் இருந்த மன்றமோ காலப்போக்கில் சுவரும் கூரையும் பெற்று நீதிமன்றம் ஆயிற்று; நகரமன்றம், சட்டமன்றம், நாடாளுமன்றம் என்று வளர்ந்தது. மரம் போயிற்று; பெயர் நின்றது.

காவிரிப்பூம்பட்டினத்தைக் காட்டும்பொழுது, இளங்கோவடிகள் அந்நகரின் பொதுவிடங்களை மறந்தாரல்லர். மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என்னும் இரு பகுதிகளுக்கும் இடையே, மரங்கள் அடர்ந்த சோலையில் நாளங்காடி கூடியது என்கிறார். வெள்ளிடை மன்றம், இலஞ்சி மன்றம், நெடுங்கல் நின்ற மன்றம், பூத சதுக்கம், பாவை மன்றம் என்று ஐவகை மன்றங்களையும் கூறுகிறார். அவற்றுள் பாவை மன்றம் நாம் நின்று எண்ணத்தக்கது. அரசன் செங்கோல் வளைந்தாலும், அறம் கூறும் அவையத்தார் ஒருபக்கம் சாய்ந்தாலும், அங்குள்ள பாவை நாவால் ஒன்றும் சொல்லாது, கண்ணீர் வடிக்கும். ஆள்வோரின் தவற்றை ஊரார் அறிவதற்கு ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் தமிழர்க்குப் பழையது என்பது இதனால் புலனாகும். ஆயினும், அக்காலத்தில் அழுதது பாவை. மக்கள் வாய் திறந்து பேசியதாகக் காப்பியம் அங்குக் கூறவில்லை. மக்கள் பேசிய கதை பிற்காலத்தது. அதனைக் காண, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலுள்ள இரண்டு ஊர்களுக்குச் செல்வோம்.

திருவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் அடுத்தடுத்த ஊர்கள். இரண்டிற்கும் இடையே உள்ள தொலைவு ஏறக்குறைய 12 கிலோமீட்டர். மதுரைப் பக்கமிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலை இரண்டையும் ஊடறுத்துச் செல்கிறது; 1927-ஆம் ஆண்டில் விருதுநகரிலிருந்து தென்காசிக்குப் போடப்பட்ட இருப்புப்பாதையும் இரண்டையும் இணைக்கிறது. இரண்டு ஊர்களும் முன்னர்த் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. 1910-இல் இராமநாதபுரம் மாவட்டத்திலும், 1985-இல் இன்றைய விருதுநகர் மாவட்டத்திலும் சேர்ந்தன. மலைக்காற்று ஒன்று, மழையும் ஒன்று. ஆனால் ஊர் அமைந்த முறை வேறு. ஆகவே, ஊரார் கூடும் இடமும் வேறாயிற்று.

திருவில்லிபுத்தூர் கோயிலைச் சுற்றி எழுந்த ஊர். வடபத்திரசாயி கோயிலின் கோபுரம் 11 நிலைகளுடன், ஏறத்தாழ 192 அடி உயர்ந்து நிற்கிறது. வயலில் உழுபவனுக்கும், வண்டியில் வருபவனுக்கும், மலையில் விறகு பொறுக்குபவனுக்கும் ஊர் இருக்கும் திசையைக் காட்டுவது அக்கோபுரமே. பெரியாழ்வாரும் ஆண்டாளும் பிறந்த ஊர் இது. கோயிலைச் சுற்றி மாட வீதிகளும், அவற்றிற்கு அப்பால் நான்கு ரத வீதிகளும் உள்ளன. மேலைநாட்டு நகரங்களில் ஊர் நடுவே கற்பாவிய சதுக்கம் ஒன்று இருக்கும். சுற்றிலும் மாளிகைகள் நிற்கும். நம் கோயில் ஊர்களில் அத்தகைய சதுக்கத்தைத் தேடினால் காணமுடியாது. நடுவிடம் கோயிலுக்கு உரியது. ஊராருக்கு உரியது அதனைச் சூழ்ந்த வீதி. சதுக்கத்தை நீட்டி, நான்காக மடித்துக் கோயிலைச் சுற்றி விரித்தது போன்றது ரத வீதி எனலாம்.

இவ்வீதிகள் இத்துணை அகலமாய் இருப்பதற்குக் காரணம் யாது? மாட்டு வண்டி செல்ல இவ்வளவு அகலம் வேண்டியதில்லை. வேண்டியது தேருக்கே. ஆடித் திங்களில் பூர நாளன்று ஆண்டாளின் தேர் இவ்வீதிகளில் ஓடும். தமிழகத்தின் பெரிய தேர்களுள் இஃது ஒன்று. சிற்பங்கள் நிறைந்த மரத்தேர். அதன்மேல் துணியும் மூங்கிலும் கொண்டு எழுப்பிய அலங்காரம். முன்னே நீண்டு கிடக்கும் கனத்த வடங்கள். இத்தேர் ஒரு முனையில் திரும்ப வேண்டுமானால், அங்கே இருபுறமும் எத்துணை இடம் வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். வீட்டுத் திண்ணையை ஒரு முழம் முன்னே இழுத்துக் கட்டினாலும், கடையின் கூரையை ஒரு சாண் நீட்டினாலும், ஆண்டுக்கு ஒருமுறை தேர் வந்து அதனைக் கேட்கும்! நகராட்சியின் விதிகள் ஏட்டில் உறங்கலாம், தேர் உறங்குவதில்லை. தேரோட்டத்திற்கு முன்னர்ப் பந்தல்கள் பிரிக்கப்படுகின்றன. சாலையின் குறுக்கே செல்லும் மின்கம்பிகள் அகற்றப்படுகின்றன. வீதி தன் பழைய அகலத்தை அன்று மீண்டும் பெறுகிறது. கோயில் ஊர்களின் வீதிகளைப் பல நூற்றாண்டுகளாகக் காத்து வந்த காவலர் யார் என்று கேட்டால், தேர் என்றே நான் விடை கூறுவேன்.

தேர் ஓடுவது எளிய செயலன்று. முன்னே ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்து இழுப்பர். பின்னே நெம்புகோல் கொண்டு சக்கரத்தைக் கிளப்புவோர் நிற்பர். சக்கரத்தின் அருகே, கையில் முட்டுக்கட்டையுடன் சிலர் நடப்பர். தேர் ஒருபக்கம் விலகினால், உரிய சக்கரத்தின் அடியில் கட்டையை இட்டு அதனைத் திருப்புவதும், விரைந்தால் நிறுத்துவதும் அவர் தொழில். வேண்டாத தடை செய்வோனை 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்று பழிக்கிறோமே, அது பொருந்தாத பழி. முட்டுக்கட்டை இல்லையேல் தேர் வீட்டிற்குள் புகுந்துவிடும். அக்கட்டையை இடுபவன் நொடிப்பொழுது தவறினாலும் உயிருக்கே இடர் நேரும். முற்காலத்தில் மரச்சக்கரங்களோடு ஓடியபொழுது இத்தேர் நிலைக்கு வந்து சேரப் பல நாட்கள் ஆவதுண்டு. புறப்பட்ட தேர் நடுவீதியில் நிற்கும்; மறுநாள் மீண்டும் ஊர் கூடும்; சிறிது நகரும். பின்னர் இரும்புச் சக்கரங்களும் புதிய தடைக்கருவியும் பொருத்தப்பட்டமையால், இன்று ஒரே நாளில் தேர் நிலை சேர்கிறது. 'ஊர் கூடித் தேர் இழு' என்னும் பழமொழியின் பொருளை அந்த நாளில் நேரில் காணலாம். மாவட்டத்தில் பள்ளிகளுக்கு உள்ளூர் விடுமுறை விடுவதும் வழக்கம்.

தேரோட்டம் இல்லாத நாட்களில் தேர் நிற்கும் இடமாகிய தேரடி என்ன ஆகிறது? அங்கே பூ விற்போர் அமர்வர். வழிப்போக்கர் நிழலுக்கு ஒதுங்குவர். கூலி வேலைக்குச் செல்வோர் ஒருவரையொருவர் சந்திப்பர். பால்கோவாக் கடைகளின் முன்னே வெளியூரார் திரள்வர். ஊரின் செய்தி ஒரு வாயிலிருந்து மறுவாய்க்குச் செல்லும்.

திருவில்லிபுத்தூரில் வேறு இரண்டு பொதுவிடங்களையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஒன்று, திருமலை நாயக்கர் பெயரால் வழங்கும் அரண்மனை. அரசர் தங்கிய அம்மாளிகை பிற்காலத்தில் நீதிமன்றமாக நெடுங்காலம் பயன்பட்டது. மன்னர் வாழ்ந்த இடத்தில் உழவன் தன் வரப்பு வழக்கைச் சொல்லும் நிலை வந்தது. இன்றும் மாவட்டத் தலைமை நீதிமன்றம் விருதுநகரில் அன்று, திருவில்லிபுத்தூரில்தான் உள்ளது. மற்றொன்று, பென்னிங்டன் பொது நூலகம். திருநெல்வேலி மாவட்ட ஆட்சியராய் இருந்த பென்னிங்டன் என்பவர் பெயரால் 1875-ஆம் ஆண்டில் அது தோன்றியது. சென்னையில் கன்னிமரா நூலகம் திறக்கப்பட்டது 1896-இல். தலைநகருக்கு 21 ஆண்டுகள் முந்திக்கொண்டது இச்சிறு நகர்! தேரடியில் கூடுவோர் உரக்கப் பேசுவர். நூலகத்தில் கூடுவோர் வாய்மூடி இருப்பர். இரண்டும் ஊரார் கூடும் இடங்களே.

இனி இராஜபாளையம் செல்வோம். அவ்வூர் ஒரு பெருங்கோயிலை நடுவே வைத்து வகுக்கப்பட்டதன்று. மாயூரநாதர் கோயிலும் பெரிய மாரியம்மன் கோயிலும் அங்கு உண்டு, திருவிழாக்களும் உண்டு. ஆயினும், ஊர் பல குடியிருப்புகளாகத் தோன்றிப் பின்னர் ஒன்றாயிற்று. விசயநகர வேந்தர் காலத்தை ஒட்டி ஆந்திர நாட்டிலிருந்து தெற்கே வந்த ராஜுக்கள் இங்கே தங்கினர். பழையபாளையம், புதுப்பாளையம், சிங்கராஜாக் கோட்டை, சக்கராஜாக் கோட்டை என்னும் பகுதிப் பெயர்களே ஊரின் வரலாற்றைச் சொல்லும். இத்தகைய ஊரில் ஒவ்வொரு பகுதியினரும் கூடுதற்குச் சாவடி உண்டு. சாவடி என்பது தூண்களும் திண்ணையும் உடைய கட்டடம். பெரியோர் கூடி வழக்குத் தீர்ப்பதும், விழாவிற்கு வரி வகுப்பதும், வந்த விருந்தினர் தங்குவதும் அங்கே. ஊரின் கடைத்தெருவொன்று அம்பலப்புளி பஜார் என்று வழங்குகிறது. அம்பலமும் புளியும் அப்பெயரிலேயே உள்ளன.

சாவடியின் சிறப்பும் குறையும் ஒன்றே. அஃது ஒரு பகுதியாருக்கு உரியது. தம்மவர் எல்லாரையும் அஃது ஒன்றுசேர்க்கும். அதனாலேயே மற்றவரைப் புறத்தே நிறுத்தும். ஊர் சிறிதாய் இருந்தவரை அது போதியதாய் இருந்தது. 1936-ஆம் ஆண்டில் பி. ஏ. சி. இராமசாமி ராஜா இராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். அதன்பின் நூற்பாலைகள் பெருகின. அருகிலுள்ள சத்திரப்பட்டியில் மருத்துவத்திற்குரிய பேண்டேஜ் துணி நெசவு வளர்ந்தது. பல ஊரிலிருந்தும், பல சாதியிலிருந்தும் ஆணும் பெண்ணும் வேலைக்கு வந்தனர். சங்கு ஊதியதும் ஆலையினின்று வெளிவரும் ஒரு தொழிலாளிக்கு, அவ்வூரில் சாவடி எது? அவனும் அவனோடு வேலை செய்பவனும் வெவ்வேறு தெருவினர். இருவரும் ஒருங்கே சென்று அமரக்கூடிய திண்ணை எது? இவ்வினாவிற்கு விடையாய் அமைந்தது மைதானம்.

மைதானம் என்பது பாரசீகச் சொல். படையும் பந்தாட்டமும் சந்தையும் நிகழும் வெளியை அவர்கள் அவ்வாறு அழைத்தனர். அச்சொல் கிழக்கே இந்தியாவிற்கு வந்தது. மேற்கே உக்ரைன் வரை சென்றது. கீவ் நகரின் நடுச்சதுக்கத்தை அந்நாட்டார் இன்றும் 'மைதான்' என்றே அழைக்கின்றனர். 2013-இலும் 2014-இலும் பல்லாயிரவர் அங்கே மாதக்கணக்கில் கூடி நின்ற செய்தியை உலகம் அறியும். நம் பக்கத்துச் சிற்றூர்களில் இதே இடத்தை மந்தை என்றும் பொட்டல் என்றும் கூறுவர். மேய்ச்சலுக்குப் புறப்படுமுன் ஆடுமாடுகள் திரண்டு நின்ற வெளி மந்தை. புல்பூண்டு இல்லாத வெட்டவெளி பொட்டல். ஒன்றும் விளையாத நிலம் என்று அதனை இகழ்வாரும் உளர். விளைவது நெல்லாய்த்தான் இருக்க வேண்டுமா?

இராஜபாளையத்தில் இவ்வாறு எல்லார்க்கும் உரியதாய் விளங்குவது ஜவகர் மைதானம். நாட்டின் முதற் பிரதமர் ஜவகர்லால் நேருவின் பெயரை அது தாங்கியிருக்கிறது. பொதுக்கூட்டம் என்றால் அங்கே. ஆர்ப்பாட்டம் என்றால் அங்கே. தேர்தல் வந்தால் கட்சிகள் மாறி மாறி மேடையிடுவது அங்கே. திருவில்லிபுத்தூரின் வீதியைத் தேர் காத்தது. இராஜபாளையத்தின் மைதானத்தைக் காப்பது அங்கே நடக்கும் கூட்டங்களே. ஓர் ஆண்டு முழுதும் யாரும் பேசாமலும் கூடாமலும் இருந்தால், அந்த இடத்தில் கடைகள் எழுவதற்கு எத்துணை நாள் ஆகும்?

பொதுக்கூட்டம் என்பது தமிழ்நாட்டில் தனியொரு கலையாய் வளர்ந்தது. ஒலிபெருக்கி வருமுன் ஒரு பேச்சாளரின் குரல் சில நூறு பேருக்கே எட்டும். மரநிழல் மன்றம் அவ்வளவினதாய் இருந்ததில் வியப்பில்லை. ஒலிபெருக்கி வந்தது, கூட்டமும் ஆயிரமாய், பதினாயிரமாய்ப் பெருகியது. அன்றைய கூட்டத்தைச் சிறிது மனக்கண்ணால் காண்போம். பிற்பகலில் வண்டியில் ஒருவர் ஊர் சுற்றிச் செய்தி அறிவிப்பார். பொழுது சாய்ந்ததும் காஸ் விளக்குகள் ஏற்றப்படும். சிறுவர் முன்வரிசையில் மண்ணில் அமர்ந்துவிடுவர். தலைவரை ஒருவர் முன்மொழிவார், மற்றொருவர் வழிமொழிவார். பேச்சாளர்க்குச் சோடா உடைத்துத் தருவர். கேட்போர் வினாக்களைத் துண்டுத்தாளில் எழுதி மேடைக்கு அனுப்புவர். பேச்சாளர் அவற்றைப் படித்து விடை கூறுவார். விடை மழுப்பலாய் இருந்தால் கூட்டத்தின் பின்பக்கத்திலிருந்து சிரிப்பொலி எழும். எழுத்தறியாதவரும் நாட்டுநடப்பை அறிந்தது அத்தகைய இரவுகளில்தான். செய்தித்தாள் ஒருவருக்குச் செய்தி சொல்லும். மைதானம், அச்செய்தியைக் கேட்ட அடுத்தவர் முகம் எவ்வாறு மாறியது என்பதையும் காட்டும்.

விடுதலை இயக்கம் இவ்வூர்களில் வேர்விட்டது இவ்வாறே. 1927-ஆம் ஆண்டு அக்டோபரில், கதர் பரப்பும் பயணத்தில் காந்தியடிகள் இராஜபாளையம் வந்து பேசினார். அவர் வழியில் நின்றவர் அவ்வூரிற் பிறந்த பூ. ச. குமாரசாமி ராஜா. அவர் 1949 முதல் 1952 வரை சென்னை மாநிலத்தின் முதலமைச்சராயும், பின்னர் ஒரிசாவின் ஆளுநராயும் விளங்கினார். தாம் வாழ்ந்த வீட்டையே பொதுவிற்குக் கொடுத்தார். அது காந்தி கலை மன்றம் ஆயிற்று. ஒருவரது வீடு ஊரின் மன்றமானது! இவ்வளவு ஈந்தவரும் 1952-ஆம் ஆண்டுத் தேர்தலில் தாம் நின்ற தொகுதியில் தோற்றார். இதனை அவர் வாழ்க்கையின் குறையாக நான் கூறவில்லை. முதலமைச்சராய் இருப்பவரும் வாக்காளர் முன்வந்து நின்று, அவர் 'வேண்டா' என்றால் விலக வேண்டும் என்பது, பாவை அழுத காலத்தில் கனவிலும் காணாத ஒன்று.

இதுகாறும் 'ஊரார்' என்றும் 'எல்லார்' என்றும் எளிதாய்க் கூறி வந்தோம். அச்சொற்களை இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். எல்லார் என்றால் யாவர்? கிரேக்க நாட்டின் ஏதென்சு நகரில் அகோரா என்னும் பெருவெளி இருந்தது. சாக்ரடீசு அங்கே இளைஞரோடு உரையாடினார். மக்களாட்சியின் தொட்டில் என்று அந்நகரைப் புகழ்வர். ஆனால் அந்நகரின் பேரவையில் பெண்களுக்கு இடமில்லை, அடிமைகளுக்கும் இடமில்லை. நம் நாட்டிலோ கோயிலுக்குள் மட்டுமன்றி, கோயிலைச் சூழ்ந்த வீதியிலும் நடத்தல் ஆகாது என்று ஒரு பெருங்கூட்டத்தாரை நெடுங்காலம் விலக்கி வைத்தனர்.

மலைக்கு அப்பால், திருவிதாங்கூரில் வைக்கம் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள கோயிலைச் சுற்றிய சாலைகளில் தாழ்த்தப்பட்டோர் நடக்கும் உரிமைக்காக 1924-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அறப்போர் தொடங்கியது. கோயிலுக்குள் செல்வதற்கன்று, சாலையில் நடப்பதற்கு! தமிழ்நாட்டிலிருந்து பெரியார் ஈ. வெ. ரா. சென்று கலந்துகொண்டு சிறைப்பட்டார். 1925-ஆம் ஆண்டு நவம்பரில் போர் முடிவுற்றபோது மூன்று பக்கத்துச் சாலைகள் எல்லார்க்கும் திறக்கப்பட்டன. கிழக்குப் பக்கம் திறக்கப்படவில்லை. 1936-இல் அரசரின் ஆலய நுழைவு அறிவிப்பு வந்தது. நம் பக்கத்தில், 1939-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்டோர் நுழைந்தனர். நாட்டின் அரசியலமைப்பு 1950-இல் நடைமுறைக்கு வந்தபொழுது, அதன் 17-ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. 15-ஆம் உறுப்போ கிணறு, குளம், நீராடு துறை, சாலை, பொதுமக்கள் கூடும் இடம் ஆகியவற்றைத் தனித்தனியே பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றைப் பயன்படுத்துவதில் சாதி, மதம் முதலியவற்றால் யாரையும் தடுத்தல் ஆகாது என்றது. சட்டம் வகுத்தோர் கிணற்றையும் சாலையையும் ஏன் பெயரிட்டுக் கூற வேண்டும்? அங்கெல்லாம் தடை இருந்தது என்பதை அவர் அறிந்தமையால்.

எழுதிய நாளிலேயே சட்டம் எல்லா ஊரிலும் நடந்துவிடவில்லை. சிவகங்கை மாவட்டத்திலுள்ள கண்டதேவியில், தேர்வடத்தைப் பிடிக்கும் உரிமை எல்லார்க்கும் உண்டா என்ற வழக்கு எழுந்து, உயர்நீதிமன்றம் வரை சென்றது. அவ்வழக்கின் நடுவே தேர் பல ஆண்டுகள் ஓடாமலே நின்றது. 2024-ஆம் ஆண்டில்தான் மீண்டும் ஓடியது. ஊர் கூடினால்தான் தேர். ஊரில் ஒரு பகுதியைத் தள்ளிவிட்டுத் தேரை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணிய இடத்தில், தேரும் அசையவில்லை.

பெண்களின் நிலையையும் எண்ண வேண்டும். முன்னாளைய பொதுக்கூட்டங்களில் மைதானத்தின் ஒருபுறம் கயிறு கட்டிப் பெண்களுக்கு இடம் ஒதுக்குவர். அங்கும் வருவோர் சிலரே. மற்றையோர் வீட்டு வாயிலில் நின்றும், மாடியில் நின்றும் ஒலிபெருக்கியின் குரலைக் கேட்டனர். ஒரு பெண்ணின் பெயரால் தேர் ஓடும் ஊருக்கு அருகிலும் நிலை அதுவே. நூற்பாலைகளில் பெண்கள் வேலைக்கு வந்தபின், ஊதியம் கேட்டும் உரிமை கேட்டும் அவர்களே மைதானத்திற்கு வரத் தொடங்கினர். இன்று தேர்வடம் பிடிப்போரிலும் பெண்கள் உள்ளனர்.

பொதுவிடத்தில் கூடுவதற்கு அரசின் இசைவு வேண்டுமா என்ற வினாவும் உண்டு. 1861-ஆம் ஆண்டுக் காவல் சட்டம், ஊர்வலத்தையும் கூட்டத்தையும் ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் காவல் துறைக்கு அளித்தது. அது வேற்றவர் ஆண்ட காலத்துச் சட்டம். கூட்டம் கண்டு அஞ்சிய ஆட்சியின் சட்டம். விடுதலைக்குப் பின் அரசியலமைப்பின் 19-ஆம் உறுப்பு, படைக்கலமின்றி அமைதியாய்க் கூடும் உரிமையைக் குடிமக்களுக்குத் தந்தது. இவ்வுரிமை பற்றிய வழக்கொன்று அகமதாபாத்திலிருந்து உச்சநீதிமன்றத்திற்குச் சென்றது. பொதுத் தெருவில் கூட்டம் நடத்துவதை அரசு ஒழுங்குபடுத்தலாம். ஆனால், காரணமின்றித் தன் விருப்பம்போல் அறவே மறுத்தல் ஆகாது என்று 1972-ஆம் ஆண்டில் தீர்ப்பு வந்தது. வழி நடப்போரின் உரிமையும் கூடுவோரின் உரிமையும் ஒரே தெருவில் நிற்பவை. ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடுதல் எளிது. இரண்டையும் காத்தல் கடினம். நோயாளியை ஏற்றிய வண்டி வரும்பொழுது ஆயிரம் பேர் இருபுறமும் விலகி வழிவிடும் காட்சியைத் திருவிழாக்களில் நாம் கண்டதுண்டு. அங்கே எந்தச் சட்டநூலும் புரட்டப்படுவதில்லை.

இந்நாளில் பொதுவிடத்திற்கு வந்துள்ள இடர் காவலரால் வந்ததன்று. வண்டிகளால் வந்தது. நெடுஞ்சாலை இரண்டு ஊர்களின் நடுவிலும் செல்வதால், கேரளம் செல்லும் சரக்கு வண்டிகளும் பேருந்துகளும் ஓயாது ஓடுகின்றன. நாற்சந்தி என்பது மக்கள் நிற்கும் இடமாய் இருந்தது. இன்று அது வண்டிகள் திரும்பும் இடமாய்விட்டது. நடுவே தலைவர் ஒருவர் சிலையாய் நிற்பார். அவரருகே சென்று நிற்க மனிதருக்கு வழியில்லை. ரத வீதியில் இருபுறமும் இருசக்கர வண்டிகள் வரிசையாய் நிற்கின்றன. ஒரு வண்டி நிற்கும் இடத்தில் நான்கு பேர் நின்று பேசலாம். அந்நால்வர் எங்கே சென்றனர் என்று கேட்பாரில்லை. கடைகளை முன்னே நீட்டுவோரும் வேற்றூராரல்லர். ஊரின் நிலத்தை ஊராரே சிறிது சிறிதாய் எடுத்துக்கொள்கின்றனர். தெருவோரத்தில் கூடை வைத்துக் காய் விற்கும் கிழவியையும் இவர்களோடு ஒன்றாய்ச் சேர்த்துவிடலாகாது. அவள் அமர்ந்திருப்பதால் பொதுவிடம் குறைவதில்லை. அவளிடம் வருவோரால் அது நிறைகிறது. மாலையில் அவள் கூடையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். சிமெண்டால் கட்டிய திண்ணையோ போவதில்லை.

ஆடிப்பூரம் முடிந்த மறுநாள் திருவில்லிபுத்தூர் வீதிகளில் நடந்தால், தேர்ச்சக்கரம் அழுந்திய தடம் சாலையில் தெரியும். வடங்களைச் சுருட்டிக் கட்டுவார்கள். மின்கம்பிகளை மீண்டும் இழுத்துப் பிணைப்பார்கள். பத்து மணிக்குள் முதற் கடைக்காரர் தம் பந்தற்காலை ஊன்றத் தொடங்கியிருப்பார். தடத்தின் ஓரத்தைக் காலால் அளந்து, சென்ற ஆண்டு ஊன்றிய குழியையே தேடுவார். இராஜபாளையத்தில் அன்று மாலை கூட்டம் ஏதேனும் இருக்குமாயின், ஜவகர் மைதானத்தில் ஒருவர் ஒலிபெருக்கியைக் கட்டிவிட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிச் சோதித்துக்கொண்டிருப்பார். நாற்காலிகள் இன்னும் வந்திரா. சிறுவர் இருவர் முன்பக்கத்து மண்ணில் இடம் பிடித்து அமர்ந்திருப்பர்.